கிணற்றுக்குச் செய்வினை வைத்தது யார்?

கர்த்தருக்குள் பிரியமான மகன் அபினுக்கு, திருப்புறத்திலிருந்து அப்பா ராஜதாஸ் எழுதுவது. நானும் உன் அம்மை ரத்னபாயும் கிருபையால் சுகமாயிருக்கிறோம். வளைகுடா எண்ணெய்க் கம்பெனியில் நீயும் அவ்வண்ணமே இருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். போன் பண்ணாமல் காகிதம் எழுதக் காரணம், போன் என்றால் உன் அம்மை ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். இது அவள் காதில் விழக்கூடாத காரியம்.

நம்ம கிணற்றுக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள். சபைக் கமிட்டியில் இருக்கிறவன் இப்படி எழுதலாமா என்று கேட்காதே, முழுசும் வாசி. கர்க்கடக மாசத்துல மழை இல்லை, விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்னை ஓணத்துக்குப் பூத்து நிக்குது, பலாச் சக்கை பிஞ்சிலேயே கறுத்து விழுது, தவளைச் சத்தம் கேட்டு வருஷம் ஒண்ணாச்சு, ஆனா கெணத்துல மட்டும் வெள்ளம் ஏறுது மக்கா. காலையில ஒரு உறை உயரம் ஏறும், மத்தியானம் உச்சைக்கு ஒரு உறை இறங்கும், ஒருத்தரும் வாளி போட்டுக் கோரல்ல. மூச்சு விடுகது மாதிரி ஆக்கும். போன ஞாயிறு ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன், உப்பு. ஜனவரியில நீ ஜிஜாவைக் கெட்டி இந்த வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரணும், குடிக்க வெள்ளமில்லாத வீட்டுல அந்தப் பிள்ளை எப்படி இருக்கும்? எனக்குப் பயமா இருக்கு.

செய்தவன் பக்கத்து வீட்டு வேலாயுதன்னு எனக்கு உறப்பு. எல்லைக்கல்லு தகராறுக்குப் பிறகு அவன் என் மூஞ்சியப் பாக்குறது இல்ல. பனச்சமூட்டுல ஒரு மந்திரவாதிக்கிட்ட ரகசியமா கேட்டேன். வேலி ஓரத்துல செப்புத் தகடு புதைச்சிருக்கும், தோண்டுன்னான். வெள்ளிக்கிழமை உச்சைக்கு, ஊரு சோறு தின்னு மயங்குன நேரம், மம்பட்டியோட போனா, வேலிக்கு அந்தப் பக்கம் வேலாயுதனும் மம்பட்டியோட தோண்டிட்டு நிக்கான்.

"ஓய், நீரு என்ன தோண்டுதீரு?"ன்னேன்.

"அதையேதான் நானும் கேக்கேன்."

அவன் கெணறும் ஏறி இறங்குதாம். நான்தான் சர்ச்சுல வச்சு என்னமோ ஜெபிச்சு விட்டேன்னு நினைச்சிருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்து குழியை மூடினோம். மூடுறதுக்குள்ள குழியில வெள்ளம் ஊறி வந்துட்டு. வேலாயுதன் விரல் முக்கி நக்கிப் பாத்தான். அதுவும் உப்பு.

இது எவன் செய்த வேலைன்னு கண்டுபிடிச்சு, அவனை நான் சும்மா விடமாட்டேன். நீ மனசு கலங்காம வேலையைப் பாரு. கர்த்தருடைய கரம் உன்மேல் இருப்பதாக. உன் அம்மையின் முத்தங்கள்.

உன் அப்பா,
ராஜதாஸ்

பின்குறிப்பு: காகிதம் ஒட்டுறதுக்கு முன்ன ஜிஜா பள்ளிக்கூடம் விட்டு அம்மையைப் பாக்க வந்தா. சயன்ஸ் டீச்சர் இல்லியா, கெணத்தைக் காட்டிக் கேட்டேன். "செய்வினை இல்ல மாமா, எண்ணெயும் கரியும் எரிச்ச புகையில பூமி சூடாகி, பக்கத்துல கிடக்க நம்ம கடல் ஏறுது. மண்ணுக்கு அடியில வாறது அந்த வெள்ளம்"னா. எரிச்சது யாரு, பேரைச் சொல்லுன்னேன். சுவருல மாட்டியிருக்க உன் போட்டோவைப் பாத்துட்டே நின்னா. தலையில ஹெல்மெட், சிரிச்ச முகம், உனக்குப் பின்னால வானம் முட்ட எரியுற எண்ணெய்க் கம்பெனித் தீ. அதுக்குக் கண்ணாடி போட்டு ஊரெல்லாம் காட்டினவன் நான். அந்தத் தீயில வந்த பணத்துலதான் இந்த வீடும் கட்டினோம். போட்டோவைக் கழத்திக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். ஆளு யாருன்னு தெரிஞ்சுதான்னு கேக்க வேலாயுதன் நாளைக்கு வாறான். நான் என்ன சொல்லட்டும் மக்கா?