மடக்குக் கத்திக்கு ஒரு குமிழ்

“சாமிகிட்ட ஸாரி சொல்லிட்டா போதுமாப்பா? நான் தள்ளிவிட்ட பொண்ணுகிட்டயும் தனியா சொல்லணுமா?”

மேற்பார்வையாளரின் மகள் ஒன்றாம் வகுப்பில் படித்தபோது கேட்ட கேள்வி இது. “அவகிட்டதான் முதல்ல சொல்லணும். அதுக்கப்புறம்தான் சாமி காது கொடுப்பார்” என்று அன்றைக்குக் கம்பீரமாகப் பதில் சொன்னார்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அப்பாவோ, வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, புத்தகக் கிடங்கின் பார்சல் கூடத்தில் அடுத்தவருடைய மடக்குக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, திருட வந்தவரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

கத்தி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அக்காவுடையது. சாயங்காலம் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மேற்பார்வையாளருடைய கத்தியோ அந்தக் கூடத்தில் பெயர் பெற்றது. பிடியில் பளபளவென்று ஒரு கிளிப். சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளலாம். அலகின் பக்கவாட்டில் ஒரு சின்ன உலோகக் குமிழ். கட்டைவிரலால் தள்ளினால் ஒரே கையில் ‘டக்’கென்று திறக்கும். இரண்டையும் கடைக்காரர்தான் பொருத்திக் கொடுத்தார். அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெருமையில்தான் அன்று காலை வாய் நீண்டுவிட்டது. அக்கா தன் கத்தியைப் பல்லால் கடித்துத் திறப்பதைப் பார்த்தவர், “என்னக்கா, கத்திக்கு உப்பு சரியா இருக்கா?” என்றார்.

கூடமே சிரித்தது. கணக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். லாரி டிரைவர் மேசையைத் தட்டினார். லேபிள் ஒட்டும் பெண் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு குலுங்கினாள்.

“கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு சார்” என்று அக்காவும் சிரித்தார். பிறகு பார்சலை இடது மணிக்கட்டால் அழுத்திக்கொண்டு சணலை அறுத்தார். அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். இடது கை விரல்கள் ஐந்தும் விறைத்திருந்தன, ஒன்றுகூட மடங்கவில்லை.

சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று. மேற்பார்வையாளருக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு ஓடி ஒரு குமிழ் வாங்கி வந்தார். துளை போட வேண்டாத வகை. அலகின் முதுகைக் கவ்வி, பொடித் திருகால் இறுகிக்கொள்ளும்.

பொருத்தினார். கட்டைவிரலுக்கு அழகாகத் திறந்தது. மூடத்தான் மாட்டேன் என்றது. குமிழ் போய் மரப்பிடியில் முட்டியது. அரத்தால் பிடியை ஒரு பக்கம் கொஞ்சம் ராவி இடம் பண்ணினார். மூடிக்கொண்டது. அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் அக்கா கத்தியை எடுத்தார். கட்டைவிரல் குமிழைத் தேடியது. குமிழ் மறுபக்கத்தில் இருந்தது! அந்தப் பக்கம் ராவாத பிடியில் முட்டிக்கொண்டு கத்தி பாதி வாயைப் பிளந்து கிடந்தது. அக்கா அதைப் பல்லுக்குக் கொண்டுபோனார்.

மேற்பார்வையாளர் விக்கித்துப்போனார். நாம்தான் மாற்றிப் பொருத்திவிட்டோமா? பதற்றத்தில் கண் தெரியவில்லையா?

அன்று சாயங்காலம் குமிழைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுவந்தார். செய்த குற்றத்துக்கு வட்டியாக ஒரு கிளிப்பும் வைத்தார். அதற்குத் துளை போட்டபோது மரப்பிடி லேசாக விரிசல் விட்டது. கோந்து தடவி, ஒரு முறை கடவுளையும் கூப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கத்தியில் இரண்டு கிளிப்புகள் இருந்தன. பக்கத்துக்கு ஒன்று. மேசைமேல் அது நண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது.

அக்கா அதை வேலைக்குப் போட்டிருந்த மேலங்கியின் பையில் செருகப் பார்த்தார், பாதிக்குமேல் உள்ளே போகவில்லை. இழுத்தார், துணி கிழிந்தது.

மேற்பார்வையாளருக்குக் காது மடல் சுட்டது. ‘புரிந்துவிட்டது. இந்த அம்மாவே இன்னொன்றை மாட்டியிருக்கிறார். உன் தயவும் வேண்டாம், உன் கிளிப்பும் வேண்டாம் என்று கூட்டத்தில் காட்டுகிறார்.’

வீட்டில் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். முழுவதையும் கேட்டுவிட்டு மனைவி, “ஏங்க, நேரா போய் ‘தெரியாம பேசிட்டேன்’னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடுவீங்க?” என்றார்.

“எல்லாரும் இருப்பாங்கடி.”

“கிண்டல் பண்றப்போ மட்டும் யாரும் இல்லையாக்கும்?”

மேற்பார்வையாளர் தட்டைப் பார்த்தார். தட்டு அவர் பக்கம் பேசவில்லை.

அடுத்த முறை ஒரு கிளிப்பைக் கழற்றினார். அலகு இறுக்கமாக இருப்பதாகத் தோன்றியதால் மடக்கு ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

காலையில் கத்தி எண்ணெயில் குளித்திருந்தது. அக்கா கையில் எடுத்ததுமே அலகு தானாகத் தொங்கியது. கட்டி வைத்த பார்சலின் மேலெல்லாம் எண்ணெய்.

“இந்தக் கத்திக்கு வயசாயிடுச்சு போல. நாடி நரம்பெல்லாம் தளர்ந்து போச்சு” என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல்.

கணக்கர் இருமினார். டிரைவர் டயரைப் பார்க்க வெளியே போனார். லேபிள் ஒட்டும் பெண் ஒரே பெட்டியில் மூன்று லேபிள் ஒட்டினாள். எல்லோரும் தன்னை நினைத்துத்தான் சிரிப்பை அடக்குகிறார்கள் என்று மேற்பார்வையாளர் குனிந்துகொண்டார். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். “மழை வரும்போல இருக்கே” என்றது வாய். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஆணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். தொங்கக் கூடாது, அவ்வளவுதான். தொங்கவில்லை. திறக்கவும் இல்லை. குமிழைத் தள்ளினார், அது கழன்று எங்கேயோ ஓடியது. அலகை நகத்தால் நெம்பினார், நகம் பிய்ந்தது. கடைசியில், யாரும் இல்லையே என்று, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். எண்ணெயும் இரும்புமாக ஒரு கசப்பு நாக்கில் ஏறியது.

‘இதைத்தானே உப்பு சரியா என்று கேட்டோம்.’

கண் கலங்கிவிட்டது. பிறகு தன் பையிலிருந்த கத்தியை எடுத்தார். கிளிப்பைத் துடைத்தார். குமிழைக் கட்டைவிரலால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார், ‘டக்’. மடக்கி, அக்காவின் மேசையில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். கெட்டுப்போன கத்தியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. கூடத்தைப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

காவலாளி சாவியை வாங்கத் தயங்கினார். “பூட்டிட்டீங்களா சார்? கணக்கர் இனிமேதானே வருவாரு.”

“அவர் எதுக்கு இப்ப வரணும்?”

“தினமும் நீங்க போனதும் ‘குடையை மறந்துட்டேன்’னு வருவாரே. அவர் இடதுகைக்காரரு பாருங்க, அந்தக் குமிழை அவர் கைக்குத் தோதா மாத்தி வச்சுட்டாரு. அப்புறம் டிரைவர். ரெண்டாவது கிளிப்பு அவர் லாரி ரிப்பேர் பெட்டியிலேர்ந்து எடுத்தது. எண்ணெய், லேபிள் பொண்ணு. பாதிப் புட்டி ஊத்திட்டு, ‘இப்போ ஈஸியா திறக்கும்ல அங்கிள்’னு என்கிட்ட கேட்டுட்டுப் போச்சு.”

மேற்பார்வையாளர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“நான்தான் முதல் நாளே சொல்லிட்டேனே சார், ‘கத்தியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா, இவங்க அதைப் பாழாக்கிடுவாங்க’ன்னு. அதுக்கு அவங்க, ‘எனக்குப் பல்லு கெட்டியாத்தாண்ணே இருக்கு, பாவம், சிரிச்சவங்களுக்குத்தான் தூக்கம் போச்சு, அவங்க மனசு ஆறுற வரைக்கும் அது மேசையிலேயே இருக்கட்டும்’னுட்டாங்க.”