இரண்டு கடைக்கும் சரி

யாராவது ஏதாவது கேட்டால் "சரி" என்று சொல்லிவிடுவது என் பழக்கம். சம்மதம் என்று அர்த்தமில்லை. கேட்டவர் சீக்கிரம் போகட்டும் என்று அர்த்தம். பேச்சு வராதவர்களுக்கு அது நல்ல வார்த்தை. இரண்டே எழுத்து. அந்த இரண்டு எழுத்தால் நான் ஒரே வாரத்தில் இரண்டு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு கடைக்குத் தெரியாமல் இன்னொரு கடை.

இது நடந்து எட்டு ஒன்பது வருஷம் இருக்கும். அப்போது ராயபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுவார். தூக்கு, இறக்கு, நிறுத்து. வீட்டிலும் அதேதான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைத் தூக்குவார். நான் அவர் பெண். அம்மா எங்கள் இரண்டு பேர் பேச்சையும் சேர்த்துப் பேசும்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. பிறகு ஒரு வருஷம் மருந்துக் கடை அசிஸ்டென்ட் கோர்ஸ் போனேன். (பார்மசிஸ்ட் வேறு. அவர் சர்டிபிகேட் கண்ணாடி போட்டு சுவரில் தொங்கும். நான் ஸ்டூல் மேல் ஏறி டப்பா எடுக்கிற ஆள்.) முடித்ததும் இரண்டு இடத்தில் கேட்டு வைத்தேன்.

ஒன்று கல்மண்டபம் பக்கம் அண்ணாச்சி கடை. அண்ணாச்சிக்கு ஊர் தூத்துக்குடி. பார்மசிஸ்ட்டும் அவர்தான், முதலாளியும் அவர்தான். கூரை வரைக்கும் மரத் தட்டு. எந்த மாத்திரை எங்கே என்று மனப்பாடமாகத் தெரிந்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம். ஆனால் உட்காரக் கூடாது. அங்கே ஒரு ஸ்டூல் உண்டு. அது ஏறுவதற்கு. உட்கார்ந்து பார்த்தேன், ஒரே ஒரு தடவை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். எழுந்துகொண்டேன்.

இன்னொன்று தண்டையார்பேட்டை மெயின் ரோட்டில் புதிதாக வந்த ஏசி கடை. கண்ணாடிக் கதவு, பச்சை டீஷர்ட், கம்ப்யூட்டர். சக்கரம் வைத்த நாற்காலி. பி.எஃப். பிடிப்பார்கள். ஆனால் பேச வேண்டும். ஆள் உள்ளே வந்ததும் வணக்கம் சொல்லி, கடை பெயரைச் சொல்லி, உங்களுக்கு எப்படி உதவலாம் என்று கேட்க வேண்டும். மருந்து கொடுத்த பிறகு, கூடவே சத்து மாவு வேண்டுமா, பல் பிரஷ் வேண்டுமா என்று கேட்க வேண்டும். காய்ச்சலில் வந்தவரிடம் பல் பிரஷ் எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அங்கே நாற்காலி உண்டு, பேச வேண்டும். இங்கே பேச வேண்டாம், நிற்க வேண்டும். என் பிரச்சினை அவ்வளவுதான்.

அண்ணாச்சி, ஒரு வாரம் காலையில் வந்து பார், பிடித்தால் முழு நேரமாகச் சேர்ந்துகொள் என்றார். சரி என்றேன். ஏசி கடை மேனேஜர் சங்கீதா மேடம், ஒரு வாரம் மதியத்துக்கு மேல் வந்து பாருங்கள் என்றார். சரி என்றேன். வார முடிவில் ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று கணக்கு. "வேண்டாம்" என்று அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

வீட்டில், வேலை கிடைத்தது, அண்ணாச்சி கடை என்று மட்டும் சொன்னேன். (பொய் இல்லை. பாதி.)

திங்கள், செவ்வாய் ஓடியது. காலையில் அண்ணாச்சி கொடுத்த வெள்ளைக் கோட்டு. இரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோ. கன்டெய்னர் லாரி மறித்து நிற்கும்போது ஆட்டோவிலேயே கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொள்வேன். உள்ளே பச்சை டீஷர்ட். பெரிய திருட்டு வேலை செய்கிற நினைப்பு எனக்கு. பக்கத்தில் இருந்த மீன்கார அம்மா ஒரு நாள், "எந்த ஆஸ்பத்திரி நர்சும்மா நீ" என்று கேட்டது. சரி என்றேன்.

புதன்கிழமை கன்னியப்பன் மாமா வந்தார். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எங்கள் தெருதான். பிரஷர் மாத்திரை அண்ணாச்சியிடம் வாங்குவார், சுகர் மாத்திரை தள்ளுபடிக்காக ஏசி கடையில் வாங்குவார். காலையில் அவர் கேட்ட மாத்திரை அண்ணாச்சி கடையில் இல்லை. இல்லை என்றேன். போய்விட்டார். சாயந்தரம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஏசி கடைக்குள் வந்து அதே சீட்டை நீட்டினார். அங்கேயும் இல்லை. இல்லை என்றேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீஷர்ட்டைப் பார்த்தார்.

"காலைல அங்க கீற, இல்லன்ன. சாயந்தரம் இங்க கீற, இங்கியும் இல்லன்ற. இல்லன்னு சொல்றதுக்கு ரெண்டு எடத்துல சம்பளமா?"

நான் அவரிடம் பல் பிரஷ் வேண்டுமா என்று கேட்டேன். அந்தக் கடையில் நான் முழுதாகக் கேட்ட ஒரே பல் பிரஷ் அதுதான். எடுத்துக்கொண்டு போனார். யாரிடமும் சொல்லவில்லை. பல் பிரஷ்ஷுக்கு அந்த மரியாதையாவது கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒன்று சொன்னார்கள். அண்ணாச்சி, நாளைக்குச் சரக்கு வருகிறது, எட்டு மணிக்கு வந்துவிடு என்றார். சரி என்றேன். சங்கீதா மேடம், நாளைக்குக் காலை ஷிப்டில் ஆள் இல்லை, எட்டு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார். அதற்கும் சரி என்றேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் ஒரே எட்டு மணி என்று உறைத்தது.

அண்ணாச்சிக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. ஏசி கடையில் எப்படியும் சமாளிப்பார்கள். அதனால் காலையில் மேடத்துக்கு போனில் மெசேஜ் போட்டேன். "வாந்தி. வரமுடியாது." நிறைய எழுதினால் பொய் தெரிந்துவிடும் என்று குறைத்து எழுதினேன். குறைத்து எழுதினால் நோய் பெரிதாகத் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

அந்த மேடம் நல்ல மனுஷி. அதுதான் வினை. புதுப் பெண், இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதக்கூட முடியாமல் கிடக்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஏசி கடையில் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற வசதி உண்டு. நான் எழுதிக் கொடுத்த விலாசம் கையில் இருந்தது. உப்புச் சர்க்கரைப் பொடி, வாந்தி மாத்திரை, குளுக்கோஸ் எல்லாம் ஒரு பையில் போட்டு டெலிவரி அண்ணனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மொபெட்டில் போவார். எந்தச் சந்து என்றாலும் கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கும் கண்டுபிடித்தார்.

கதவைத் திறந்தது அம்மா. ஜெசிந்தாவுக்கு உடம்பு சரியில்லையாம், கடையிலிருந்து மருந்து கொடுத்தார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் கடையில்தானே இருக்கிறாள் என்று அம்மா. கடைக்கு வரவில்லையே என்று அவர். கடைக்கும் போகவில்லை, வீட்டிலும் இல்லை என்றால் பெண் வழியில் எங்கேயோ விழுந்து கிடக்கிறாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டது. போட்டிருந்த நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அவர் மொபெட்டில் ஏறி உட்கார்ந்து, "வுடு, அண்ணாச்சி கடைக்கு வுடு" என்றிருக்கிறது.

நான் ஸ்டூல் மேல் நின்று இருமல் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே ஏழெட்டுப் பேர். கன்னியப்பன் மாமாவும் நின்றார். மொபெட் வந்து நின்றது. பின்னால் அம்மா, மடியில் பச்சைப் பை. என்னைப் பார்த்ததும் அம்மா அழ ஆரம்பித்தது. பிறகு நான் முழுசாக நிற்பதைப் பார்த்து அழுகையை நிறுத்தியது. அதற்குப் பிறகு பார்த்த பார்வை வேறு.

டெலிவரி அண்ணன் பாவம், வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். பையைக் கவுண்டரில் வைத்து, "ஜெசிந்தா, வாந்தி" என்று படித்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

அண்ணாச்சி எழுந்து வந்தார். பையைப் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கவுண்டரில் வைத்தார். மாத்திரையைத் திருப்பித் தேதி பார்த்தார்.

"மாத்திர நல்ல கம்பெனிதான்" என்றார்.

அடியில் ஒரு சீட்டு இருந்தது. அதையும் சத்தமாகவே படித்தார். சீக்கிரம் குணமாகி நம்ம கடைக்கு வாங்க, சங்கீதா.

"ஏ பிள்ள, வாந்தியா?"

"சரி" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். கன்னியப்பன் மாமா, "எனக்கு புதன்கெழமையே தெரியும்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அம்மா, "தெரிஞ்சிகினே ஏன் சொல்லல?" என்று அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் பல் பிரஷ் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "வாந்தின்னு எழுதிக் குடுத்தவ மருந்துக் கடைல நிக்கப்படாது. வீட்டுக்குப் போ. திங்கக்கெழம ஒம்போது மணிக்கு வந்து எந்தக் கடைன்னு சொல்லு. சரின்னு மட்டும் சொல்லிராத."

அங்கிருந்து நேரே ஏசி கடைக்குப் போனேன், அந்தப் பையோடு. எனக்கு முன்னால் மொபெட் போய்விட்டிருந்தது. சங்கீதா மேடம் என்னை உட்காரச் சொன்னார். சக்கரம் வைத்த அதே நாற்காலி. திங்கள் பத்து மணிக்குள் ஹெட் ஆபீசுக்குப் பெயர் அனுப்ப வேண்டும், அதற்கு மேல் வேறு பெண்ணை எடுத்துவிடுவேன் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு கேட்டார்.

"எந்தக் கடை வேணும்? இதுவா, அதுவா?"

"சரி" என்றேன்.

இதுவா அதுவா என்று கேட்டதற்குச் சரி என்று சொன்ன ஆள் நான் ஒருத்திதான் இருப்பேன். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பையையாவது எடுத்துக்கொண்டு போ என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இதே பேச்சு. அப்பா இரண்டு விரலைக் காட்டி, பிறகு ஒன்றை மடக்கினார். ஒன்றைப் பிடி என்று அர்த்தம். எது என்று அம்மா கேட்டது. "பி.எஃப்." என்றார். அப்பா வாயைத் திறந்து சொன்னதால் அது பெரிய விஷயம். அம்மா, அண்ணாச்சி கடை என்றால் நடந்தே போகலாம், முகம் தெரிந்த இடம் என்றது. முகம் தெரிந்ததுதான் இப்போது பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமையும் வாய் திறக்காவிட்டால் இரண்டும் போய்விடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாய் திறக்கும் என்பதுதான் தெரியவில்லை.

சர்ச்சில் பூசைக்குப் போனேன். முழங்கால் போட்டேன். வாரம் முழுக்க நின்ற முட்டி. சுருக்கென்றது. எழுந்திருக்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. சாமி சொன்னாரா, முட்டி சொன்னதா, தெரியாது.

திங்கள் ஒன்பது மணி. கன்னியப்பன் மாமா எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். (மாத்திரை தீரவில்லை. வேடிக்கை பார்க்க.) அண்ணாச்சி, கடையில் அவருக்கென்று இருந்த ஒரே நாற்காலியை விட்டு எழுந்தார். நான் கவுண்டருக்கு வெளியே நின்றேன், மருந்து வாங்க வந்தவள் மாதிரி.

"அங்க உக்கார நாற்காலி இருக்கு. இங்க இல்ல" என்றேன்.

"அதுக்கு?"

"நின்னா முட்டி வலிக்குது. முட்டி வலிச்சா தப்பு டப்பா எடுப்பேன். உக்கார ஸ்டூல் போட்டா இங்க வர்றேன்."

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. உட்கார்ந்திருந்தால் கடை தூங்குகிறது என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்றார் அண்ணாச்சி. நான் பேசாமல் நின்றேன். அது எனக்கு நன்றாக வரும். கன்னியப்பன் மாமா, "தப்பு மாத்திர துன்னு நான் பூட்டா, கட தூங்கலன்னு சொல்லுவியா அண்ணாச்சி?" என்றார்.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஏறுகிற ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"இதுல உக்காரு."

"ஏற?"

"ஏற வேற வாங்குதேன்."

"பி.எஃப்.?"

"ஒரே நாள்ல எல்லாத்தையும் பேசிராத பிள்ள."

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சங்கீதா மேடத்துக்கு போன் போட்டேன். "வேணாம் மேடம்" என்றேன். பிறகு அவர், "சரி" என்றார்.

அண்ணாச்சி கடையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். ஸ்டூல் இரண்டாகி, அப்புறம் ஒன்று முதுகு வைத்த நாற்காலியாகிவிட்டது. பி.எஃப். பற்றி இரண்டு வருஷம் கழித்துப் பேசினேன்.

எல்லாம் மறந்துவிடும் என்று நினைத்தேன். கல்யாணம் வந்தது. கோயிலில், இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று ஃபாதர் கேட்டார். சம்மதம் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாக வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். கோயில் நிறைய ஆள். மைக் வேறு.

"சரி" என்றேன்.

ஃபாதர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். முதல் வரிசையில் அப்பா கையை நீட்டி ஆட்டினார். ஹார்பரில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். மூன்றாவது வரிசையிலிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. மெதுவாகத்தான் பேசினதாக இன்றைக்கும் சாதிக்கிறார்.

"எத்தன பேருக்குன்னு கேட்டுக்கிடுங்க சாமி."

கல்யாண வீடியோவில் அது தெளிவாகக் கேட்கிறது. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் தோள் குலுங்குவதும் தெரிகிறது. என் பெண்ணுக்கு இப்போது ஆறு வயது. வருஷா வருஷம் கல்யாண நாளன்று அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். நாலாவது தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி போடட்டுமாம்மா?" என்பாள்.

என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.