கைகாட்டி மாப்பிள்ளை

கால்பந்து மைதானத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர் ஆடுகிறார்கள் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்பாதீர்கள். ஆடுகிறவர்கள் பத்துப் பேர். பதினோராவது ஆசாமி நடு மைதானத்தில் நிற்பார். தலை கலையாது, சட்டை கசங்காது, வலது கை மட்டும் ஓயாமல் நீளும், மடங்கும், மறுபடி நீளும். அங்கே ஓடு, இங்கே வா, அவனைப் பிடி, இவனுக்குக் கொடு. இவர்தான் கைகாட்டி. சாலை முக்கில் நிற்கும் கைகாட்டி மரம் போகிற வருகிறவருக்கெல்லாம் வழி சொல்லும், தான் ஓர் அடி நகராது. அந்த மரத்துக்குக் கால்சட்டையும் ஏழாம் நம்பர் சட்டையும் மாட்டிவிட்டால் இவர் கிடைத்துவிடுவார்.

இந்த இனத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் தங்கையை ஒரு கைகாட்டிக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பதினாறு வருஷம் முதல் பிரிவில் ஆடியவர், அதில் ஒன்பது வருஷம் கேப்டன். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரார் பார்வையைச் சோதிப்பது என் பிழைப்பு. மாப்பிள்ளையை இத்தனை வருஷமாக மிக அருகில் இருந்து பார்த்து வருகிறேன்.

அவருடைய வித்தையைக் கவனியுங்கள். பந்து வரும். வாங்குவார், அழகாகவே வாங்குவார், அதில் குறை சொல்ல முடியாது. தலையை நிமிர்த்தி எதிராளியின் கோல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பின்னால் ஏதோ பெரிய திட்டம் உருவாகிறது என்று இருபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, அவர் நிதானமாகத் திரும்பி, மூன்றடி தள்ளிச் சும்மா நிற்கிற நம் ஆளுக்கே பந்தைத் தட்டிவிட்டு, தட்டிய அதே வேகத்தில் விரலை முன்னால் நீட்டி, 'ம், கொண்டு போ' என்று காட்டுவார். முடிந்தது. கோல் விழுந்தால் வழி காட்டியவர் இவர். பந்து பறிபோனால் பறிகொடுத்தவன் அவன். இதைவிடப் பத்திரமான உத்தியோகம் எங்காவது உண்டா?

பிறக்கும்போதே இப்படி இல்லை. முதல் ஆட்டத்தில், பத்தொன்பது வயதில், நடு மைதானத்திலிருந்தே கோலைப் பார்த்து ஓர் உதை விட்டார். பந்து கோலுக்கு மேலே போய், பார்வையாளர்களுக்கும் மேலே போய், வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒரு காரின் முன்கண்ணாடியைப் பதம் பார்த்தது. மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தங்கை சொல்வாள். பாவம்தான். அடுத்த வாரம் பந்து வந்ததும் பக்கத்து ஆளுக்குத் தட்டினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் என்ன, ஏறுமுகம்தான். ஏழு கோச்சுகள் மாறினார்கள், ஏழு பேருக்கும் இவர் செல்லப்பிள்ளை. 'நூறு பாஸில் தொண்ணூற்றாறு பிசகாமல் போய்ச் சேருகிறது' என்று டிவியில் வர்ணனையாளர் உருகுவார். போய்ச் சேர்ந்த இடம் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினாறு வருஷத்தில் கோல் எத்தனை என்று கேட்டீர்களானால், இரண்டு. முதலாவது, இவர் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பின்வரிசைக்காரர்களுக்கு விரல் நீட்டிக்கொண்டிருந்தபோது இடுப்பில் பட்டு உள்ளே போனது. இரண்டாவது யாருடையது என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது.

வீட்டில் மட்டும் வேறு ஆளாகவா இருப்பார்? சுவருக்கு வர்ணம் அடிக்கப் பெயிண்டர் வந்தார். "சார், எந்தக் கலர்?" என்றார். மாப்பிள்ளை சுவரை, எதிராளியின் கோலைப் பார்ப்பது போலவே பார்த்தார். "வீட்டம்மாகிட்ட கேட்டுக்குங்க." என் தங்கை இரண்டு நிறத்தைக் காட்டி எது என்று கேட்டதும், "உங்க அண்ணன் கண்ணாடிக் கடைக்காரர். கண்ணு விஷயமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று எனக்கு போன் போட்டுக் கொடுத்தார். நான் இளநீலம் என்றேன். பெயிண்டர் அடித்து முடிக்கும் வரை மாப்பிள்ளை நடுக்கூடத்தில் நின்று, "அந்த மூலையில கொஞ்சம், இந்த ஓரத்துல கொஞ்சம்" என்று விரல் நீட்டினார். காய்ந்தபின் நிறம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று தங்கை முகம் சுளித்ததும், "நான் அப்பவே நெனச்சேன்" என்றாராம்.

"அண்ணா, இந்த மனுஷன் கல்யாணத்துக்கு மட்டும் எப்படிச் சரின்னு சொன்னாரு?" என்று தங்கை ஒரு நாள் கேட்டாள்.

சொல்லவே இல்லை. பெண் பார்த்த அன்று அவர் தன் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். தேதியைக் குறித்தவன் நான். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். அணியின் சட்டைகளைத் துவைத்துத் தைத்துத் தேய்த்து அடுக்குகிறவர். இருபத்திரண்டு வருஷமாக, மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறையில், இரண்டு சலவை இயந்திரங்களும் ஒரு தையல் இயந்திரமுமாகக் குடித்தனம் நடத்துகிறார். எல்லாருக்கும் அவர் சட்டை அண்ணன். யார் எப்படி ஆடினார்கள் என்று அவர் ஆட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, அழுக்கைப் பார்த்துத்தான்.

"கோல்கீப்பர் சட்டைய ரெண்டு தடவை அலசணும். லெஃப்ட் பேக் சட்டையில முழங்கை பக்கம் புல்லுக்கறை, அது லேசுல போகாது" என்று ஒருமுறை என்னிடம் விவரமாகச் சொன்னார். "உங்க மாப்பிள்ளை சட்டைய ஊறப்போடவே வேண்டாங்க. உதறி மடிச்சு வச்சிருவேன்." குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நன்றியோடு சொன்னார்.

போன சீசன் கடைசியில் அணிக்குக் கண்டம் வந்தது. முதல் பிரிவில் நீடிப்பதா, கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதா என்று ஒரே ஓர் ஆட்டத்தில் தீர்மானமாக வேண்டும். இறங்கினால் மைதானத்து வேலையாட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவோம் என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் சட்டை அண்ணன், தேய்த்த சட்டையை மாப்பிள்ளை கையில் கொடுத்து, "பாத்து ஆடுங்க தம்பி" என்றார். "எல்லாரும் சேந்துதான் அண்ணே பாக்கணும்" என்றார் மாப்பிள்ளை.

ஆட்டம் சமன். பெனால்டி. யார் யார் அடிப்பது, எந்த வரிசையில் என்று கேப்டன்தான் கோச்சிடம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை விரலை நீட்டி நீட்டி வரிசையை அமைத்தார். நீ முதலில், நீ இரண்டாவது, நீ மூன்றாவது. இப்படியே பத்துப் பேரையும், கோல்கீப்பர் உள்பட, காட்டி முடித்துவிட்டுத் தன்னைப் பதினோராவதாக வைத்துக்கொண்டார். "கப்பல்ல கேப்டன் கடைசியாத்தான் எறங்கணும்" என்று விளக்கம் வேறு. கோச் தலையாட்டினார். ஐந்தாவதோடு முடிகிற காரியம் பதினொன்று வரைக்குமா போய்விடப் போகிறது?

போனது. நம்மவர்கள் தவறவிட்டால் அவர்களும் தவறவிட்டார்கள், அவர்கள் போட்டால் நம்மவர்களும் போட்டார்கள், விதி என்ன விளையாட்டு விளையாடுகிறது என்று பாருங்கள், கோல்கீப்பரும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை விட்டுப் போட்டுவிட்டான். அவர்களுடைய பதினோராவது ஆள் வந்தான், போட்டான். நம் பக்கம் மிச்சம் ஒரே ஒருவர். மாப்பிள்ளை இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். கொடுப்பதற்கு ஆள் இல்லை. பதினோரு பேரும் ஒரு சுற்று முடிக்காமல் யாரும் இரண்டாவது முறை அடிக்கக் கூடாது என்பது சட்டம்.

பந்தை வைத்தார். கோலைப் பார்த்தார், அதே பார்வை. என் பக்கத்தில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டில் பெட்டி ஓரம் நின்ற சட்டை அண்ணன் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஓடி வந்தார், தட்டினார். பதினாறு வருஷத்துப் பழக்கம் எங்கே போகும்? பந்து புல்லோடு புல்லாக, பதற்றமில்லாமல் உருண்டு, நேராக எதிரணிக் கோல்கீப்பரின் கைக்குள் போய் உட்கார்ந்தது. ஓர் அங்குலம் பிசகவில்லை.

எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் என்ன வெட்கம்? அன்று மாலை மைக்கை நீட்டியவர்களிடம் மாப்பிள்ளை, "தோல்விக்கு நாம எல்லாருமே பொறுப்பு. யாரோ ஒருத்தர் மேல மட்டும் பழி போட்டா அது நியாயம் இல்ல" என்றார். என்ன பெருந்தன்மை என்று மறுநாள் எல்லாரும் மெச்சினார்கள். மாதம் முடிவதற்குள் அவர் ஓய்வு பெற்று, அதே அணிக்கு ஆலோசகர் ஆகிவிட்டார். விரல் நீட்டுவதற்கென்றே மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சட்டை அண்ணனுக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை இல்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது? மேனேஜர், "கேப்டனா இருந்தவர் சொன்னாத்தான் மரியாதை" என்று மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"மச்சான், அவருக்கு உங்க மேல தனி மரியாதை. நீங்கதான் பக்குவமாச் சொல்லுவீங்க."

"கேப்டனா இருந்தது நீங்கதானே மாப்பிள்ளை?"

"அதனாலதான் மச்சான். நான் சொன்னா ஆர்டர் மாதிரி இருக்கும். நீங்க சொன்னா ஆறுதலா இருக்கும்." வாசல் வரை போனவர் திரும்பி, மைதானம் இருக்கும் திசையில் விரலை நீட்டினார். "இப்பகூட ரூம்லதான் இருப்பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று தங்கையிடம் போனில் கால்மணி நேரம் கத்தினேன். கத்தி முடித்ததும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை சட்டை அண்ணனே கடைக்கு வந்துவிட்டார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம், வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டுமாம். உட்காரவைத்து, எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தேன். பெரிய எழுத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகப் படித்துக்கொண்டே வந்தார். என் பையில் இருந்த கடிதமும் ஏறக்குறைய அதே அளவு எழுத்துதான். அட்டைக்குப் பதிலாக அதைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

"கடைசி வரி தெரியலீங்க. அது முக்கியமா?"

"கண்ணாடி போட்டாத் தெரிஞ்சிரும்" என்றேன்.

"புது சீசனுக்கு நம்பரெல்லாம் தைக்கணும். கீழ்ப் பிரிவானா என்னங்க, சட்டை சட்டைதானே?" என்று சிரித்தார். பிறகு ஞாபகம் வந்தவராக, "ஆஸ்பத்திரி சலவைக்கு ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். வேணாம்னு சொல்லிடப் போறேன். எறங்கிப்போன நேரத்துல டீம விட்டுட்டு ஓடினா நல்லாவா இருக்கும்? நீங்க என்ன சொல்றீங்க?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பந்து என் காலடியில் இருந்தது. எதிரே கோலில் யாரும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வீட்ல கலந்து பேசி முடிவு பண்ணுங்க அண்ணே."

சொன்னபோது என் வலது கை அவர் வீட்டுப் பக்கமாக நீண்டிருந்ததைக் கவனித்தேன். கண்ணாடி வியாழக்கிழமை தயாராகிவிடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "வியாழக்கிழமை ஒரு நாள் நீ கடையப் பாத்துக்கோ" என்று மனைவியிடம் சொன்னேன். "ஏன், அன்னைக்கு உங்களுக்கு என்ன வேலை?" என்றாள். வெளியூர் என்றேன். எந்த ஊர் என்று கேட்டாள். அவள் கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்துபோய் இதை எழுத உட்கார்ந்தேன். இந்தப் பத்திரிகை புதன்கிழமை காலை கடைகளுக்கு வந்துவிடும். சட்டை அண்ணனே படித்துத் தெரிந்துகொள்ளட்டுமே என்று முதலில் ஒரு நினைப்பு. அச்சு எழுத்து பொடி எழுத்து, கண்ணாடியோ என்னிடம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டீர்கள். உங்கள் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. மைதானத்தின் பின்வாசல், படிக்கட்டுக்குக் கீழே, இடது கைப் பக்கம் முதல் அறை. தையல் இயந்திரச் சத்தம் கேட்கும். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. யாராவது ஒருவர் போய், ஆஸ்பத்திரி வேலைக்குச் சரி என்று சொல்லச் சொல்லுங்கள்.

என்ன, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறீர்களா?