தூக்கிச் செல்ல ஓர் ஆள்

"என்னையத் தூக்கறதா? கட்டுன புருசனே இன்னும் தூக்குனதில்ல. போ அக்கட்டால!"

சாமியாத்தாள் விளக்குமாற்றை எடுத்தாள். சென்னிமலை படியிறங்கினான். அந்தத் தெருவில் அது ஏழாவது வீடு.

நெருப்பு இஞ்சின் ஆபீஸில் அவன் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மயங்கிக் கிடப்பவரைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவருவது எப்படி, எரிகிற அடுப்பைச் சரியாக அணைப்பது எப்படி என்று தெருத் தெருவாகப் போய்ச் செய்துகாட்ட வேண்டும். இது முனிசிபாலிடியின் புதுத் திட்டம். முதலில் போன இரண்டு தெருக்களிலும் ஜனங்கள் உள்ளேயே விடவில்லை.

"மில்லுக்குப் பின்னால இருக்குதே, ஓலைக்கூரைத் தெரு, அங்க நீ போ" என்று அதிகாரி அரங்கசாமி சொல்லியிருந்தார். "வெள்ளிக்கெழமை காத்தால பத்து மணிக்கு நான் வாரேன். எல்லா ஊட்டுலயும் அடுப்பு எரியோணும். அந்தத் தெருக்காரங்களே மறுபடி வாங்கன்னு கூப்புட்டா உனக்கு வேலை நிரந்தரம். இல்லீன்னா ஊருக்குப் போயி மாடு மேய்."

ஊரில் சென்னிமலைக்கு மாடும் இல்லை.

தூக்கிக் காட்ட ஆள் வேண்டும், ஆளோ அகப்படவில்லை. கடைசியில் மில்லில் கழிவுப் பஞ்சு கேட்டு வாங்கி, தன் பழைய காக்கிச் சட்டையிலும் நிஜாரிலும் அடைத்துத் தைத்தான். சாக்கைச் சுருட்டித் தலை செய்தான். கண்ணும் வாயும் கரியால் வரைந்தான். அந்த முகம் அவனுக்கே சகிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், தெருமுனையில் கயிற்றுக்கடை வைத்திருந்த முஸ்தபா ராவுத்தரிடம் ஒரு பெஞ்சு இரவல் வாங்கி, வேப்பமரத்தடியில் போட்டு, பொம்மையைப் படுக்கவைத்து, வெள்ளை வேட்டியால் தலைமுதல் கால்வரை மூடிவிட்டு, ஏணி எடுத்துவரப் போனான்.

திரும்பி வந்தபோது பெஞ்சைச் சுற்றிப் பெண்கள் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆரு பெத்த மகராசனோ, எங்க தெருவுல வந்து கெடக்கறியே!" என்று சாமியாத்தாள் ஒப்பாரியைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

செத்தது யார் என்று சென்னிமலை சுற்றுமுற்றும் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது.

"ஆத்தா, அது பொம்மைங்க!"

சாமியாத்தாள் மூக்கைச் சிந்தினாள். "உசுரு போயிட்டா எல்லாமே பொம்மைதான் கண்ணு."

அப்போதுதான் அவன் கூரைகளைப் பார்த்தான். ஒரு வீட்டிலும் புகையில்லை. பிணம் கிடக்கிற தெருவில் அதை எடுக்கும்வரை யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். எரியாத அடுப்பை அரங்கசாமிக்கு எப்படி அணைத்துக் காட்டுவது?

வேட்டியை விலக்கினான். "மூஞ்சியப் பாருங்க! சாக்குத் துணிங்க!"

"ஐயோ, கரிக்கட்டையா வெந்து போச்சே!" என்று பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள் அலறினாள். "அதுதான் நெருப்பு இஞ்சின்காரங்க கொண்டாந்து போட்டிருக்காங்க!"

ஒப்பாரி ஒரு கட்டை மேலே ஏறியது.

சென்னிமலை பொம்மையின் சட்டைப் பித்தானைக் கழற்றி, ஒரு கைப்பிடி பஞ்சை உருவிக் காட்டினான்.

"ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்திருக்காங்க" என்று செல்லாத்தாள் மற்றவர்களுக்கு விளக்கினாள். "பஞ்சு வெச்சுத்தான் தைப்பாங்க. எங்க மச்சாண்டாருக்கும் இப்படித்தான்."

ராமாமணி என்ற புதுப்பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

இனிப் பேசிப் பயனில்லை என்று பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். இரவு முறை முடிந்து மில்லிலிருந்து வந்த ஆண்கள் எதிரே மறித்தார்கள்.

"ஒத்தையாவா தூக்கிட்டுப் போறே? நாங்க இருக்கறமல்லோ!" என்று சாமியாத்தாளின் புருஷன் திருமலைசாமி கால்களைப் பிடித்தான். பிடித்தவன் முகம் வாடிவிட்டது. "காத்தாட்டம் இருக்குதே. பாவம், சோறு கண்டு எத்தனை நாளாச்சோ!"

பொம்மை மறுபடியும் பெஞ்சுக்குப் போயிற்று. முஸ்தபா ராவுத்தர் இரண்டு மூங்கிலும் கயிறும் கொண்டுவந்தார்.

"காசு வேண்டாம் தம்பி. நம்மளால ஆனது."

யாரோ ஒரு மாலையும் போட்டார்கள். அதைத் தைத்தது தான்தானா என்றுகூடச் சென்னிமலைக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

பத்து மணிக்கு மணியடித்துக்கொண்டு இஞ்சின் வந்தது. அரங்கசாமி இறங்கினார்; கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"ஆருப்பா போயிட்டது?"

"நம்ம பொம்மைங்க" என்றான் சென்னிமலை மெதுவாக.

"இவிங்ககிட்டச் சொன்னியா?"

"நாலு தரம் சொன்னனுங்க."

அரங்கசாமி ஆண்களின் கையிலிருந்த மூங்கில்களைப் பார்த்தார். "அஞ்சாந்தரம் சொல்லவேண்டாம். வண்டியில ஏத்து."

பெஞ்சோடும் மாலையோடும் பொம்மை ஏறியது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு தெருமுனைவரை வந்தார்கள். அதைத் தாண்டியதும் அரங்கசாமி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு வந்து கணக்கு முடிச்சுக்க."

மத்தியானம், ராவுத்தரின் பெஞ்சைத் திருப்பிக் கொடுக்கச் சென்னிமலை அந்தத் தெருவுக்குப் போனான். பெண்கள் தலை முழுகி, ஈரக் கூந்தலை உலர்த்தியபடி வாசல்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிணம் எடுத்தாகிவிட்டது; ஆனாலும் கூரைகளில் இன்னும் புகையில்லை. காப்பி கிளப்பிலிருந்து ஆண்கள் இட்டிலிப் பொட்டலங்களும் சாம்பார்த் தூக்குப்போசியுமாக வந்துகொண்டிருந்தார்கள். திருமலைசாமியின் கையில் நாலு பொட்டலம்.

சென்னிமலை யார் முகத்தையும் பார்க்காமல் பெஞ்சை இறக்கிவிட்டுத் திரும்பினான்.

"ஏனுங்கண்ணா, சித்த நில்லுங்க!"

ராமாமணி ஓடிவந்தாள். ஆண்கள் யாரும் பக்கத்தில் இல்லையென்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"சாமியாத்தாக்கா சொல்லச் சொன்னாங்க. அடுத்த வெள்ளிக்கெழமையும் வாங்க. ஆனா பொம்பளைப் பொம்மையாக் கொண்டாங்க; மறுபடியும் அதே ஆளு செத்தா, எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்குச் சந்தேகம் வந்துரும்!"