ரெண்டு ஏஸும் ஒரு சம்படம் முறுக்கும்

அன்னைக்கு எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு சம்படம் முறுக்கை எடுத்துக்கிட்டுப் போய், மாம்பலத்துல இருக்கிற என் மனைவி வசந்தாவோட அக்கா வீட்டுல கொடுத்துட்டு, அப்படியே ஆபீஸ் போகணும். அவ்வளவுதான்.

சாயங்காலம் அக்கா பொண்ணைப் பெண் பார்க்க வராங்க. பையனோட அம்மா பலகாரத்தைத் தின்னு பார்த்துதான் குடும்பத்தையே எடை போடுவாங்களாம். கடைப் பலகாரம்னு தெரிஞ்சா காபி கூடக் குடிக்காம எழுந்துடுவாங்கன்னு தரகர் எச்சரிச்சிருந்தார். ஏற்கெனவே ஒரு வீட்டுல அப்படித்தான் எழுந்து போனாங்களாம். அக்காவுக்கு முறுக்கு சுட வராது. அதனால வசந்தா சுட்டுக் கொடுத்தா.

"டிரெயின்ல மேல வெக்காதீங்க. மடியிலயே வெச்சுக்குங்க"ன்னா.

மடியிலதான் வெச்சேன். வினையே அங்கதான் ஆரம்பிச்சது.

மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் டிரெயின் ஓடின காலம் அது. தாம்பரத்துல ஏறினா உட்கார இடம் கிடைக்கும். உட்கார இடம் கிடைச்சா எங்க கோஷ்டி சீட்டாடும். பேங்க்ல வேலை பார்த்த பெஞ்சமின் சார், பிரஸ்ல மெஷின் ஓட்டுற தாமு, அப்புறம் நான். நாலு முட்டிக்கு மேல என் பிரீஃப்கேஸைப் படுக்க வெச்சா அதுதான் டேபிள்.

ஆட்டம் மூணு சீட்டு. பெரிய ஜோடி சின்ன ஜோடியை ஜெயிக்கும், மூணும் ஒரே சீட்டா வந்தா எந்த ஜோடியையும் ஜெயிக்கும். ஆனா எங்க பெட்டிக்குன்னு ஒரு சட்டம் உண்டு. தாம்பரத்துல வண்டி கிளம்பினதும் ஆளுக்கு ரெண்டு சீட்டுதான். அதைப் பார்த்துட்டுப் பந்தயம் கட்டணும். பல்லாவரத்துல வண்டி நின்னாதான் மூணாவது சீட்டு. அடுத்த ஆட்டம் பல்லாவரத்துலேர்ந்து பரங்கிமலை வரைக்கும். பந்தயம் வேர்க்கடலை. ஒரு போலீஸ்காரர் எங்களை முறைச்ச நாள்லேர்ந்து காசை நிறுத்திட்டோம். எவ்வளவு வேணா கட்டலாம், உச்சவரம்பு கிடையாது.

இந்த ஆட்டத்துக்கு நான் ஒரு சித்தாந்தமே வெச்சிருந்தேன். முதல் ரெண்டு சீட்டும் பெரிய ஜோடியா வந்தா, எடுத்த எடுப்புல பெருசா கட்டணும். மூணாவது சீட்டு விழறதுக்குள்ள எல்லாரையும் பயந்து சீட்டைப் போட்டுட்டு ஓட வெச்சுடணும். சின்ன ஜோடி வந்தா கம்மியா கட்டிட்டு மூணாவது சீட்டுக்காகக் காத்திருக்கணும். இதைக் கேக்காத ஆளுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கேன். கேட்டவங்க யாரும் கிடையாது.

முதல் ஆட்டம் பல்லாவரத்துல முடிஞ்சப்போ என் கடலை மொத்தமும் போச்சு.

அடுத்த ஆட்டம். சீட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். ரெண்டு ஏஸ்.

இதுக்கு மேல பெரிய ஜோடியே கிடையாது. இவ்வளவு நாள் பேசின சித்தாந்தத்துக்கு இன்னைக்குத்தான் பரீட்சை. ஆனா கட்டுறதுக்குக் கையில ஒரு கடலை இல்ல.

"அந்த டப்பால இன்னா சார் கீது?"ன்னான் தாமு.

"அது வேற விஷயத்துக்குப்பா"ன்னேன். சொல்லிக்கிட்டே மூடியைத் திறந்துட்டேன். வெண்ணெய் வாசனை பெட்டி முழுக்கப் போச்சு.

ரெண்டே ரெண்டு முறுக்கைப் பிரீஃப்கேஸ் மேல வெச்சேன். ரெண்டு குறைஞ்சா யாருக்குத் தெரியப் போகுது? அதுவுமில்லாம நான்தானே ஜெயிக்கப் போறேன்.

பயந்து ஓடுவாங்கன்னு பார்த்தா, தாமு கடலைப் பொட்டலத்தை அப்படியே முன்னாடி தள்ளினான். பெஞ்சமின் சாரும் தள்ளினார்.

சரி, பத்தலபோல. அஞ்சு முறுக்கு வெச்சேன்.

"அதுக்கு ஈடா கட்ட என்கிட்ட ஒண்ணுமில்லையே"ன்னு பெஞ்சமின் சார் யோசிச்சார். நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன். அவர் குனிஞ்சு, பையிலேர்ந்து மத்தியானச் சாப்பாட்டை எடுத்து வெச்சார். தாமுவும் தன் எலுமிச்சை சாதத்தை எடுத்து வெச்சான்.

திரிசூலத்துல வண்டி நின்னுது. இனி பின்வாங்கினா சித்தாந்தம் என்னாகிறது? சம்படத்தையே தூக்கி நடுவுல வெச்சேன்.

"மொத்தமும்"னேன்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. தாமு கைக்கடிகாரத்தைக் கழட்டி வெச்சான். பெஞ்சமின் சார் புதுக் குடையை வெச்சார். ஒருத்தர் கூட சீட்டைக் கீழ போடல.

பரங்கிமலை வந்துது. மூணாவது சீட்டு எனக்கு ஏழு. போகட்டும், ஜோடி ஏஸ் போதுமே. தாமு சீட்டைத் திருப்பினான். ராஜா, நாலு, ஒன்பது.

"இதை வெச்சுக்கிட்டா கைக்கடிகாரத்தைக் கட்டினே?"

"சும்மா பார்க்கலாம்னு சார்."

பெஞ்சமின் சார் பொறுமையா திருப்பினார். ரெண்டு, ரெண்டு. மூணாவதும் ரெண்டு.

"நீங்கதானே சார் சொன்னீங்க, சின்ன ஜோடி வந்தா மூணாவதுக்காகக் காத்திருக்கணும்னு"ன்னார்.

"கம்மியா கட்டிட்டுன்னு சொன்னேனே சார்."

"அதை நான் சரியா கவனிக்கல."

எங்க பெட்டியில ஜெயிச்ச தீனியை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, பங்கு வெச்சுடணும். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள சம்படம் வரிசையா கை மாறிடுச்சு. சைதாப்பேட்டை தாண்டறப்போ காலி டப்பா என் மடிக்குத் திரும்பி வந்துது. எனக்கும் ஒண்ணு கொடுத்தாங்க. தின்னேன். பிரமாதமா இருந்தது. அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

மாம்பலத்துல இறங்கி ரங்கநாதன் தெருவுல ஒரு கடையில முறுக்கு வாங்கி, சம்படத்துல அடுக்கி, அக்கா கையில கொடுத்துட்டு ஓடிட்டேன்.

சாயங்காலம் அக்கா வீட்டு ஹால்ல வசந்தா, நான் எல்லாரும் உட்கார்ந்திருக்கோம். பையனோட அம்மா ஒரு முறுக்கை எடுத்தாங்க. திருப்பிப் பார்த்தாங்க. கடிச்சாங்க.

"இது கடை முறுக்கு மாதிரி இருக்கே"ன்னாங்க.

அக்கா முகம் வெளுத்துப் போச்சு. உள்ள அந்தப் பொண்ணு புடவை கட்டி உட்கார்ந்திருக்கா. என் ஒரு ஆட்டத்தால அவ கல்யாணம் நிக்கப் போகுது.

வசந்தா ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சா. மென்னா. என்னை ஒரு தடவை பார்த்தா. முகத்துல ஒரு அசைவு கிடையாது.

"இந்தத் தடவை புது அச்சுங்க. அதான் கடையில பண்ண மாதிரி ஒரே சீரா விழுந்திருக்கு. அரிசியை நானே மெஷினுக்குக் கொண்டு போய் அரைச்சேன்"ன்னா.

"அப்படியா? அந்த அச்சு எங்க கிடைக்குது?"

"தாம்பரம் மார்க்கெட்ல. உங்களுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பறேன்."

அந்தம்மா இன்னொரு முறுக்கு எடுத்தாங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கல்யாணம் நிச்சயமாயிடுச்சு.

திரும்பி வர்ற டிரெயின்ல வசந்தா ஒரு வார்த்தை பேசல. கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் எல்லாம் போச்சு. குரோம்பேட்டை வந்ததும் நானே தாங்க முடியாம எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

"உங்க கையில என்ன இருந்துது?"ன்னு கேட்டா.

"ரெண்டு ஏஸ்."

"எல்லாரும் சீட்டைப் போட்டுட்டு ஓடணும்னுதானே பெருசா கட்டினீங்க?"

"ஆமா."

"திங்கிற பொருளைத் திறந்து நடுவுல வெச்சா எவன் எழுந்து ஓடுவான்?"

முறுக்கு போனது கூட அவ்வளவு வலிக்கல, சித்தாந்தம் போனதுதான் வலிச்சுது.