ரேடியேட்டர் குடித்த புளிக்கரைசல்

அரைகுறையாகப் படித்தவனைவிட ஆபத்தானவன் ஒருவன் உண்டு: ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் முழுமையாகப் படித்தவன். பத்தொன்பது வயதில் நான் அந்த ஜாதி.

சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். கைக்கு வேலை இல்லை, மூளைக்கு ஓய்வு இல்லை. (இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.) சித்தப்பா இந்தியாவுக்குப் போய் எட்டு மாதமாகியும் திரும்பவில்லை. அவருடைய கறுப்புக் கார் பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டுப் பின்சந்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. அதன் கையேடு என் தலையணைக்கடியில் தூங்கியது. அதில் 'எஞ்சினைக் குளிர்வித்தல்' என்ற அத்தியாயம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

அந்த நேரத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க ஜொகூரிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் ரயிலில் வருவதாகக் கடிதம் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. முதல் இடத்தில் ஜாதகம். இரண்டாவது இடத்தில், "பொண்ணு கொஞ்சம் அதிகமா பேசுது." இந்த மூன்றாவதும் போனால் இனி தரகரே வீட்டுப்பக்கம் வரமாட்டார் என்று அம்மா கண்ணைக் கசக்கினாள். அக்காவுக்கு ஒரே கட்டளை: அவர்கள் கிளம்பும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

"ஸ்டேஷனுக்கு டாக்ஸி அனுப்பிடலாம்" என்றார் அப்பா. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை அவருக்கு, எதிலும் நிதானம்.

"சொந்தக் கார் இருக்கிறப்போ டாக்ஸியா? நம்ம மானம் என்னாவுறது? நான் இருக்கேன்பா!" என்றேன்.

பேட்டரி சார்ஜ் ஆனது. டயருக்குக் காற்றடித்தேன். மிச்சம் ரேடியேட்டர்தான். நீண்டநாள் நின்ற வண்டியில் பழைய தண்ணீரை வடித்து, சுத்தமான தண்ணீர் வெளியே வரும்வரை குழாய் வைத்துக் கழுவ வேண்டும் என்பது கையேட்டின் வாக்கு. ஞாயிறு காலை ரேடியேட்டரின் அடியிலிருந்த திருகாணியைத் திறந்தேன். எங்கள் தேக்கா வட்டாரத்துக் கடைக் காப்பி மாதிரி துருத்தண்ணீர் கொட்டியது. பரவசத்தோடு ஓடிப்போய்க் குழாயைத் திருகினேன்.

ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்த வருடம் அது. முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். அன்று எங்கள் பக்கத்துக்கு மாலையில்தான். (இந்தச் சேதி வாசல் கதவிலேயே ஒட்டியிருந்தது. நான்தான் கையேடு தவிர வேறெதையும் படிப்பதில்லையே!) டிரம் தண்ணீர் இருந்தது, ஆனால் அதைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ரேடியேட்டர் காலி. ரயில் பத்தரைக்கு.

சமையலறையில் நின்று விழித்தபோது குத்துவிளக்கு கண்ணில் பட்டது. முந்தின நாள் அம்மா புளி போட்டுத் தேய்த்த விளக்கு, தங்கம் மாதிரி மின்னியது. விளக்கு பித்தளை. ரேடியேட்டரும் பித்தளை! அடுப்படியில் சாம்பார், ரசம், வத்தக்குழம்பு எல்லாவற்றுக்குமாக ஒரு பெரிய பானையில் அம்மா புளியைக் கரைத்து மூடியும் வைத்திருந்தாள். அறிவியலும் சமையலும் சந்தித்த அந்தக் கணத்தில் எனக்குப் புல்லரித்தது. பானையைத் தூக்கிப்போய் அப்படியே ஊற்றினேன். வடிகட்டவில்லை. சக்கையும் கொட்டையும் உள்ளே போனால் நன்றாகத் தேய்க்கும் அல்லவா?

தஞ்சோங் பகார் ஸ்டேஷன்வரை கார் குழந்தை மாதிரி வந்தது. மாப்பிள்ளை கூச்சக்காரப் பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா தும்பைப்பூ வேட்டி சட்டையில் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். செலிகி ரோடு தாண்டும்போது பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தம்பி, ரசம் கொதிக்கிற வாசனை வருது?"

"தேக்கா வந்துட்டோம்ல ஐயா. இங்க எல்லா வீட்டுலயும் ரசம்தான்."

தேக்கா மார்க்கெட்டுக்கு நேர் எதிரே, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, கார் உஸ்ஸென்று நின்றது. மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து எஞ்சின் மூடியைத் தூக்கிப் பிடித்தார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்பது அதே அத்தியாயத்தின் கடைசி வரியாம். அந்தப் பக்கத்தைக் கரப்பான் தின்றிருந்தது. துண்டைச் சுற்றித் திருகினேன்.

செம்பழுப்பு நீரூற்று ஒன்று வானத்துக்குக் கிளம்பியது. நாங்கள் சிதறி ஓடினோம். மேலே போய்க் காற்றில் ஆறி, தூரத்தில் பத்திரமாக நின்ற பெரியவரின் வெள்ளைச் சட்டைமேல் அது சாவகாசமாகத் தூறியது. தோளில் ஒரு புளியங்கொட்டை வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் மூன்றுசக்கர மிதிவண்டியோடு நின்ற சீன ட்ரைஷாக்காரர் மோப்பம் பிடித்து, "ஆசாம் லா!" என்று தீர்ப்புச் சொன்னார். (மலாயில் புளி. தேக்காவில் இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.)

பெரியவர் கார் மறைவில் போய்ச் சட்டையை உதறிக்கொண்டிருந்தபோதுதான், யாரோ சொல்லக் கேட்டு அக்கா ஓடி வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் ஒரு வாளி டிரம் தண்ணீர்.

"எருமை! அம்மா கரைச்ச புளிய எங்கடா ஊத்தின? அங்க அவங்க தலையில கை வச்சு உக்காந்திருக்காங்க! சாம்பார் இல்ல, ரசம் இல்ல, வர்றவங்களுக்கு உன்னையா வறுத்துப் போடுறது?" அப்படியே எஞ்சின் கறை படிந்த கையோடு நின்ற மாப்பிள்ளைமேல் பாய்ந்தாள். "அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா? ஒர்க்‌ஷாப் வச்சிருக்கீங்க, கார்ல புளி ஊத்தலாமா? டேய், மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள எங்கடா தொலைச்ச?"

நான் அவர் பக்கமே விரலை நீட்டினேன்.

"நான்... நான்தாங்க அது" என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

"நானும் இங்கதாம்மா இருக்கேன்" என்றது காருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். ஒரு நிமிடம் தாமதமாக. மூன்றாவது இடமும் போச்சு.

மாப்பிள்ளை குனிந்து, கீழே சாயப்போன வாளியைப் பிடித்தார். காது சிவந்திருந்தது. "பரவால்லங்க. இனிமே அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்க."

ஸ்டியரிங்கில் அக்கா உட்கார, மாப்பிள்ளையும் ட்ரைஷாக்காரரும் நானும் தள்ள, கார் வீடு வந்து சேர்ந்தது. பெண் பார்த்தல் மார்க்கெட்டிலேயே முடிந்துவிட்டதால், நேராக இலைதான். பருப்பும் அப்பளமும் மோரும் மட்டும். அம்மா ரசம் இல்லையென்று அழாத குறையாகச் சொன்னாள். அப்பாவின் பழைய சட்டைக்குள் திமிறிக்கொண்டிருந்த பெரியவர் கையை அசைத்தார்.

"எதுக்கும்மா வருத்தம்? அத வழியிலேயே பரிமாறிட்டாங்களே!"

அப்பாவே சிரித்துவிட்டார். தை மாதம் கல்யாணம்.

அத்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரசக் கரண்டியோடு யார் வந்தாலும், "இது இலைக்கா, வண்டிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் குழிப்பார். ரேடியேட்டர் பளபளவென்று சுத்தமானது உண்மை என்று நானும் ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்கிறேன். (துரு போன இடமெல்லாம் ஓட்டை என்பதைச் சொல்வதில்லை.) ஆனால் மூடி போட்ட எதையும் திறக்க எங்கள் குடும்பத்தில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. குக்கர் விசிலடித்தாலே பேரப்பிள்ளைகள் முதலில் ஓடி வந்து என் கையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.