குழம்பு போய்ச் சேரும் தூரம்

"இருநூத்தி எழுவதுதான்," என்றார் லூர்துநாதன். கைப்பேசி வரைபடத்தில் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் நடுவே நேர்கோடு ஒன்று போட்டிருந்தார்.

மனைவி ஆனந்தமேரி அந்தக் கோட்டைப் பார்த்தாள். "இது மேல ரோடு இருக்கா?"

"இது வான்வழி. ரோடுன்னா முந்நூத்திப் பத்து."

"அப்ப ஏன் கொறச்சு சொல்றீங்க?"

மகள் ஜூலிக்கும் பெங்களூர் ஜெர்ரிக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்றால் அதற்குள் பங்குச் சாமியாரிடம் பெயர் கொடுத்தாக வேண்டும். தூரத்தில் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஆனந்தமேரி ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா சம்மதிக்காமல் கல்யாணம் வேண்டாம் என்று ஜூலி அழுது அழுது மூக்கு சிவந்து கிடந்தாள்.

மின்துறையில் மீட்டர் பார்த்தே தலை நரைத்தவர் லூர்துநாதன். எண்ணைச் சொன்னால் யாரும் அடங்கிவிடுவார்கள் என்று நம்பினார். ஆனந்தமேரியின் அளவுகோலே வேறு.

"கிலோமீட்டர் எனக்கெதுக்கு? நான் இங்க புதுச்சேரி உப்பளத்துல வைக்கிற மீன் கொழம்பு, பெங்களூர்ல அவ தட்டுல எப்ப விழும்? அதச் சொல்லுங்க."

மனுஷியை மெச்சத்தான் வேண்டும். எந்தப் பொறியாளரும் தூரத்தை இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

"பிளேன்ல ஒரு மணி நேரம்," என்றார் அவர், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோம் என்று தெரியாமல்.

"அப்ப எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க."

குருசுக்குப்பத்தில் விடியற்காலையில் வாங்கிய வஞ்சிரம் குழம்பாகித் தூக்குவாளியில் ஏறியது. விமான நிலையத்தில் காவலர் மூடியைத் திறந்தார், மோந்தார், கண்ணை மூடினார்.

"வாசனை பிரமாதம் சார். ஆனா உள்ள விட முடியாது."

"கொழம்பு போகாம நான் மட்டும் போய் என்ன புண்ணியம்?"

லூர்துநாதன் வெளியே வந்தார். விமானம் அவர் தலைக்கு மேலேயே பறந்து போனது. விட்டாரா மனிதர்? நேரே பேருந்து நிலையம். திண்டிவனத்தில் நெரிசல், கிருஷ்ணகிரியில் பஞ்சர். ஓசூர் தாண்டியதும் வண்டி நகரவே இல்லை. அத்தனை தூரமும் வாளியை மடியில் வைத்துக் காத்தார், வேட்டியில் மட்டும் கொஞ்சம் சிந்தியது. இந்த வீட்டில் இருவருமே லேசுப்பட்டவர்கள் இல்லை.

விளக்கு வைத்த பிறகு ஜெர்ரியின் அம்மா கதவைத் திறந்தார். வேட்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தட்டு எடுத்து வைத்தார். லூர்துநாதன் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வந்துட்டேன் மேரி. கொழம்பு கெடல. ருசி ஏறித்தான் இருக்கு."

"ருசியா கேட்டேன்? இப்ப மணி என்ன?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலைல போனவரு ராத்திரி சேர்ந்திருக்கீங்க. எம்பொண்ணு காய்ச்சல்ல கெடந்தா நான் எப்பப் போய்ச் சேருவேன்? வேணாங்க. இந்த சம்பந்தம் வேணாம்." அவள் குரல் உடைந்தது. பின்னால் ஜூலி விசும்புவதும் கேட்டது.

குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்த ஜெர்ரியின் அம்மா இடது கையால் போனை இழுத்துக்கொண்டார்.

"நீங்க ஏன் சம்பந்தி அழுவுறீங்க? கல்யாணம் ஆனதும் புதுச்சேரிலயே இருந்து வேலை பாக்குறேன்னு எம்புள்ள இன்னிக்குத்தான் ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வந்தான், இனிமே புள்ளையப் பாக்க இவ்ளோ தூரமும் எனக்குத்தான்."